ஓவியர் பட்டறையும் ஓவியர் பேச்சும்

ஓவியம் தீட்டுவோர் தம் தொழிலைப் பற்றித் தாமே பேசுவதும் எழுதுவதும் அண்மைக் காலத்தில் பெருகிவிட்டன. கண்காட்சிக்கு ஒரு கையேடு, கையேட்டில் ஓவியரின் நேர்காணல், நேர்காணலில் 'நீங்கள் எவ்வாறு படைக்கிறீர்கள்?' என்றொரு வினா: இஃது இப்போது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. வினா நல்ல வினாதான். விடைகளே நம்மை அயரச் செய்கின்றன. 'தேடல்', 'உள்வெளி', 'என்னை நானே கண்டடைதல்' என்னும் சொற்கள் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு மாறி மாறிச் செல்கின்றன. பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எந்த விடை எந்த ஓவியருடையது என்று எவராலும் சொல்ல இயலாது. அவர்கள் தீட்டிய படங்களோ ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை!

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இத்தகைய பேச்சைக் கேட்கும் வாய்ப்பு மற்ற ஊராரைவிடச் சற்றுக் கூடுதல். 217 அடி உயர்ந்து நிற்கும் கீழைக் கோபுரத்தையும் அதன் பின்னே எழும் மலையையும் நாடி வருவோருள் உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்களும் புகைப்படக் கலைஞர்களும் உண்டு. சிலர் ஆண்டுக் கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு. மலையின் மௌனமே தம்மை வரையச் செய்கிறது என்பார் ஒருவர். தாம் வரைவதில்லை, தம் வழியாக வரையப்படுகிறது என்பார் மற்றொருவர். கேட்பதற்குப் பணிவான சொல்லாகவே இருக்கிறது. ஆனால், பணி செய்தவன் கையை மறைத்துவிட்டு, படைப்பை விண்ணிலிருந்து இறங்கியதாகக் காட்டும் சொல்லில் பணிவு எங்கே இருக்கிறது? மௌனத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்றும் சில வேளை நமக்குத் தோன்றுவதுண்டு.

கலைஞன் தன் தொழிலைப் பற்றிப் பேசலாகாது என்பதன்று நம் கருத்து. பேச வேண்டும். எதைப் பேச வேண்டும் என்பதே கேள்வி.

நம் முன்னோர் போற்றி வளர்த்த கலை எழுத்துக்கலை. அரபு மொழியில் 'கத்து' என வழங்கும் அக்கலையின் ஆசான்கள் தம் தொழிலைப் பற்றி நிறையவே பேசினர்; நூல்களும் செய்தனர். அவற்றில் பேசப்படுவன யாவை? நாணற் பேனாவின் நுனியை எந்தச் சாய்வில் சீவுவது. விளக்குக் கரியோடு அரபுப் பிசினை எந்த அளவில் கூட்டி மை செய்வது. பேனா அளவுக்கு மேல் மை குடித்துவிடாமல் மைக்கூட்டுக்குள் பட்டு நூல் திரளை எவ்வாறு இடுவது. கஞ்சியும் முட்டை வெண்கருவும் பூசி உலர்த்திய தாளை வழவழப்பான கல்லால் எவ்வளவு நேரம் தேய்த்து மெருகேற்றுவது. இவையே பேச்சு. உள்ளத்தின் தூய்மையைப் பற்றியும் அவர்கள் கூறினர். ஆனால் பேனா சீவத் தெரியாதவனிடம் அதைக் கூறவில்லை.

இப்னு முக்லாவை எடுத்துக்கொள்வோம். பக்தாதில் அப்பாஸிய கலீஃபாக்களின் அமைச்சராக இருந்தவர். எழுத்துக்கு அவர் கண்ட இலக்கணம் வியக்கத்தக்க எளிமை உடையது. சீவிய பேனா முனையைத் தாளில் ஒருமுறை அழுத்தினால் சாய்சதுர வடிவில் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியே அளவுகோல். 'அலிஃப்' இத்தனை புள்ளி உயரம். அந்த அலிஃபை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம். மற்ற எழுத்துகளின் வளைவுகள் அவ்வட்டத்துக்கு இயைந்தவை. ஆக, அழகின் அளவு வெளியிலிருந்து வரவில்லை. கையில் பிடித்திருக்கும் கருவியிலிருந்தே பிறக்கிறது. அரசியல் பகையால் அவருடைய வலக்கை வெட்டப்பட்டது. எஞ்சிய கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பர் வரலாற்றாசிரியர். 940இல் சிறையிலேயே உயிர் நீத்தார். 1258இல் மங்கோலியர் பக்தாதைச் சூறையாடியபோது, யாகூத் அல் முஸ்தஃஸிமி என்னும் மற்றோர் எழுத்தாசான் மினாரா ஒன்றில் ஏறி ஒளிந்துகொண்டு, தாள் கிடைக்காமையால் துணியில் எழுதிப் பழகினார் என்றொரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. நகரம் எரியும்போது பயிற்சியா என்று கேட்கலாம். ஒரு நாள் விட்டால் கை மறந்துவிடும் என்று அஞ்சியவர்கள் அவர்கள்.

இந்தப் பயிற்சிக்கு 'மஷ்க்' என்று பெயர். ஒரே எழுத்தை, ஒரே சொல்லை, தாள் முழுதும் கறுத்துப்போகும்வரை எழுதிக்கொண்டே இருப்பது. ஆசான் திருத்துவார், மாணவன் மீண்டும் எழுதுவான். ஆண்டுகள் கழிந்தபின் மாணவன் எழுதிய ஓர் ஏட்டின் அடியில், 'இவன் தன் பெயரை இட்டுக்கொள்ள அனுமதிக்கிறேன்' என்னும் கருத்துப்பட ஆசான் ஒப்பமிட்டு 'இஜாஸத்' வழங்குவார். அதுவரை தன் எழுத்தின் கீழ்த் தன் பெயரை எழுத அவனுக்கு உரிமை இல்லை. மத்ரஸாவில் ஓதிய நமக்கு இந்த முறை புதியதன்று. இன்றைய ஓவியர் பேச்சை நாம் எடைபோடும் தராசு இதுவே. உன் ஆசான் யார், உன் கருவி எது, எத்தனை தாளைக் கிழித்தாய், எதைக் கொண்டு வயிறு கழுவினாய்? இவற்றுக்கு விடை சொல்பவரை நாம் நம்புகிறோம்.

இத்தராசில் வைத்தால் கனமாக நிற்பவர்கள் நம் தமிழகத்திலேயே இருந்திருக்கின்றனர். சென்னைக் கவின்கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளியின் வழி வந்தது. அதன் முதல்வராக 1957இல் பொறுப்பேற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து வெளிவரும் மாணவர்கள் ஓவியத்தைக் கைவிட்டு வேறு வேலைக்கு ஓடுவதைக் கண்டு அவர் கவலையுற்றார். படம் விற்பதில்லை, வயிறோ காத்திருப்பதில்லை. அவரும் அவர் மாணவர்களும் கண்ட வழி பாத்திக் துணி. உருக்கிய மெழுகைத் துணியில் கோலமாக இட்டு, சாயத்தில் தோய்த்து, மெழுகு படிந்த இடம் வெள்ளையாக நிற்க, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சாயமேற்றும் கைத்தொழில் அது. மெழுகில் விழும் வெடிப்புகளின் வழியே சாயம் புகுந்து சிலந்தி வலை போன்ற கோடுகள் விழும். அத்துணிகளை விற்ற காசே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலமாகியது. 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் அங்கே எழுந்தது. நாளின் ஒரு பகுதி கைத்தொழிலுக்கு, மறு பகுதி தம் ஓவியத்துக்கு என்று அவர்கள் வாழ்ந்தனர்.

சோழமண்டலத்தைப் பற்றிப் பேசுவோர் 'கலை இயக்கம்' என்றும் 'இந்திய மரபின் மீட்பு' என்றும் பெரிய சொற்களால் பேசுவர். நமக்கு அதன் சிறப்பெல்லாம் அந்த மெழுகுச் சட்டியில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. எவரிடமும் கை நீட்டாமல், தம் கையின் உழைப்பால் தம் ஓய்வை விலைக்கு வாங்கிய ஓவியர்கள் அவர்கள். கைத்தொழிலால் உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்னும் கருத்தில் நபிமொழி ஓதி வளர்ந்த நாம் இதை மதிக்காமல் இருக்க இயலுமா?

பணிக்கர் 1963 முதல் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் படவரிசையை இங்கே குறிப்பிட வேண்டும். அப்படங்களில் மனித உருவம் பின்னே ஒதுங்க, ஜாதகக் கட்டம் போன்ற கோடுகளும், கணிதக் குறிகளும், மலையாளத்தை ஒத்த எழுத்து வரிகளும் பரப்பை நிறைக்கின்றன. அவ்வெழுத்துகள் வாசிப்பதற்கானவை அல்ல. அதே சோழமண்டலத்தில் வாழ்ந்து 1990இல் மறைந்த ஜே. சுல்தான் அலியின் படங்களிலும் எழுத்து உண்டு. 1920இல் பம்பாயில் பிறந்து சென்னையில் பயின்றவர். நடு இந்தியப் பழங்குடியினரின் கலையில் ஈடுபட்டு, காளையும் நாகமும் தெய்வ உருவங்களும் நிறைந்த படங்களைத் தீட்டினார். அவ்வுருவங்களின் மேலும் அருகிலும் எழுத்து வரிகளை ஓடவிட்டார்.

ஒரு முஸ்லிம் பெயருடையவர் இவ்வுருவங்களைத் தீட்டியது நம் வாசகர் சிலருக்கு மனக்கசப்பைத் தரலாம். அது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையிலான கணக்கு. நாம் இங்கே கேட்க விரும்புவது வேறு. வாசிக்க இயலாத எழுத்து எழுத்தாகுமா?

எளிதில் 'ஆகாது' என்று சொல்லிவிட நம்மால் இயலவில்லை. நம் வீடுகளில் பொருள் தெரியாமலே அரபு எழுத்தைக் கண்ணில் ஒற்றி ஓதிய பாட்டிமார் எத்தனை பேர்! நிலைப்படிக்கு மேல் மாட்டியிருக்கும் எழுத்துப் படத்தில் கொடிபோல் பின்னிய வளைவுகளை வாசித்தறிந்தவர் அந்த வீட்டில் எத்தனை பேர்? எழுத்தின் உருவத்துக்கே ஒரு மதிப்பு உண்டென்பதை நம் சமுதாயத்தைவிட நன்கறிந்தவர் இலர். ஆயினும், எனக்குப் புரியாத எழுத்து வேறு, எவருக்குமே புரியாத எழுத்து வேறு. பாட்டி வாசித்த எழுத்துக்குப் பொருள் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். கேட்டால் சொல்ல ஓர் ஆலிம் தெருவில் இருந்தார். பணிக்கரின் வரிகளுக்கு அப்படி ஓர் ஆலிம் இல்லை. எழுத்தின் மேனியை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டார் என்று நாம் கருதுகிறோம். அவர் படங்களில் நிறமும் ஒழுங்கும் கண்ணுக்கு இதமானவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நெடுநேரம் நோக்கியபின் ஓர் ஏக்கம் எஞ்சுகிறது: கதவு தெரிகிறது, தாழ் திறக்கவில்லை. சுல்தான் அலியிடம் இந்த ஏக்கம் குறைவு. அவருடைய வரிகள் வாசிப்பவனை அழைப்பதில்லை. உருவத்தைப் போர்த்தும் ஆடையாக, ஒரு மந்திரத் தகட்டின் கீறல்போல அமைந்துவிடுகின்றன.

கோட்டின் தொழிலை இவ்விருவரையும்விட வெளிப்படையாகக் காட்டியவர் கே.எம். ஆதிமூலம். 1938இல் பிறந்து 2008இல் மறைந்த அவரைத் தமிழ் இலக்கிய வாசகர் நன்கறிவர். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்த கோட்டுருவங்களைக் காணாமல் அத்தொடரை நினைக்க முடிவதில்லை. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஐ ஒட்டி, கறுப்பு மையால் அவர் உருவத்தை ஏறத்தாழ நூறு முறை வரைந்தார். ஒரே முகம், நூறு தாள். இது மஷ்க் அன்றி வேறென்ன? நடைபோடும் காந்தி, குனிந்த காந்தி, கோடுகளின் நெரிசலில் கரைந்தே போன காந்தி. வரிசையாகப் பார்த்தால் கை எங்கே தயங்கிற்று, எங்கே துணிந்தது என்பதை நாமே படித்துக்கொள்ளலாம். ஓவியர் நேர்காணல் கொடுக்கத் தேவையே இல்லை. பிற்காலத்தில் உருவம் துறந்து வண்ணப் பரப்புகளை எண்ணெய் ஓவியமாகத் தீட்டினார். அவற்றைச் சிறந்தவை என்போர் பலர். நமக்கு அந்தக் கறுப்புக் கோடுகளே போதும்.

இவ்வளவும் நமக்கு எதற்கு என்று கேட்கும் வாசகர் இருப்பர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான். நம்மிடம் அரபு பயின்ற மாணவன் ஒருவன், கரும்பலகையில் 'ஜீம்' எழுதினால் அதை அழிக்க நமக்கு மனம் வராது, அத்தகைய கை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கவின்கலைக் கல்லூரியில் சேர விரும்பினான். வீட்டார் இசையவில்லை. 'உஸ்தாத், உருவம் வரைவது ஹராம் என்று நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது இவனுக்காகப் பேச வருகிறீர்களே?' என்றார் அவன் தந்தை. நாம் அவருக்கு ஒரு ஹதீஸை எடுத்துரைத்தோம். இங்கும் அதையே எடுத்துரைக்கிறோம்.

உருவம் சமைப்போரைக் கண்டிக்கும் நபிமொழிகள் உள்ளன. அவற்றை மறைப்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. உருவமைப்பவன் என்னும் பொருளுடைய 'அல் முஸவ்விர்' அல்லாஹ்வின் திருப்பெயர்களுள் ஒன்று. அதே சொல் அரபியில் ஓவியனையும் குறிப்பது அச்சத்துக்குரிய செய்திதான். ஆனால் புகாரி ஷரீஃபில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒருவர் வருகிறார். தம் பிழைப்பு தம் கைத்தொழில் என்றும், உருவங்கள் செய்பவர் தாம் என்றும் கூறுகிறார். கண்டிக்கும் நபிமொழியை இப்னு அப்பாஸ் எடுத்துரைத்ததும் அவருக்கு மூச்சு முட்டுகிறது, முகம் வெளிறுகிறது. அப்போது அந்த அறிஞர் அவரைத் துரத்திவிடவில்லை. தொழிலை விட முடியாதென்றால் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்துகொள்ளுமாறு வழி காட்டுகிறார்.

இதில் நாம் கவனிப்பது இரண்டு. வந்தவர் 'என் உள்வெளி' என்று தொடங்கவில்லை. பிழைப்பு, கை, தொழில் என்று தொடங்கினார். விடை சொன்னவரும் கைக்கு வேலை ஒன்றைக் காட்டியே அனுப்பினார். நம் வீடுகளில் இந்த ஹதீஸின் முற்பகுதி மட்டும் நினைவில் நிற்கிறது; பிற்பகுதி மறந்துபோகிறது. கொடியும் இலையும் கட்டமும் எழுத்தும் கொண்டு ஆயிரம் ஆண்டுகள் உலகை வியக்கவைத்த சமுதாயத்தின் பிள்ளைக்கு, வரைவதற்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லுவது முறையா? அந்த மாணவன் இப்போது கடைப் பலகை எழுதுகிறான். நல்ல எழுத்து. ஆனால் துணிப்பதாகை அச்சிடும் இயந்திரம் வந்தபின் பலகை எழுதுவோருக்கு வேலை ஏது?

புகைப்படத்தின் கதையே நமக்கொரு பாடம். ஒளி சிறு துளை வழியே இருட்டறைக்குள் புகும் முறையை ஆராய்ந்து, கிரகண காலத்தில் சூரியனின் பிம்பம் விழும் விதத்தை விளக்கியவர் இப்னுல் ஹைஸம். அவர் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் கேமரா வந்தபோது, அது கூடுமா கூடாதா என்ற வழக்கும் வந்தது. எகிப்தின் முஃப்தியாக இருந்து 1935இல் மறைந்த முஹம்மத் பகீத் அல் முதீஈ, அது புதிதாக உருவம் சமைப்பதன்று, இருக்கும் உருவத்தின் நிழலைப் பிடித்து வைப்பதே எனக் கூறி அனுமதித்துத் தனி நூலே எழுதினார். நம் நாட்டு உலமாக்களில் பலர் அதை ஏற்கவில்லை. ஆயினும் ஹஜ்ஜுக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். மறுத்தவரும் தேரடித் தெருவில் 'ஸ்டுடியோ' படி ஏறினர். நம் மக்களுக்கு 'ஸ்டுடியோ' என்றால் இன்றும் அதுதான். ஓவியரின் பட்டறைக்கும் அதே பெயர் என்றால் நம்பமாட்டார்கள்.

கேமராவோடு நம் ஊருக்கு வந்தோருள் உலகப் புகழ் பெற்றவர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது அவர் இவ்வூரில் இருந்தார். அந்நாட்களின் காட்சிகளைப் படமெடுத்தார். சிறு கேமரா, அதன் பளபளப்பான பகுதிகளைக் கறுப்பாக மறைத்து, எவர் கண்ணிலும் படாமல் நின்று, காட்சி கனிந்துவரும் ஒரு கணத்தில் பொத்தானை அழுத்துவது அவர் முறை. 1952இல் வெளியான அவருடைய நூலின் ஆங்கிலத் தலைப்பே அந்தத் தீர்மானக் கணத்தைக் குறிப்பது. திறமையில் அவருக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் கணத்தைப் பிடித்தவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். படத்தில் நின்றவர் இங்கேயே இருப்பார், படம் எடுக்கப்பட்டது அறியாமலே.

இதற்கு நேர் எதிரான முறை ஒன்று இதே ஊரில் நடந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து, பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தில் புகைப்படக்காரராகப் பணியாற்றியவர் அபுல் கலாம் ஆஸாத். மௌலானாவின் பெயர் தாங்கிய இவர், முன்னர்த் தம் புகைப்படங்களின் மேலேயே கிறுக்கியும் வண்ணம் தீட்டியும் சோதனைகள் செய்தவர். பின்னர்த் திருவண்ணாமலைக்கு வந்து தங்கினார். அவர் முன்நின்று நடத்திய ஏகலோகம் புகைப்பட அறக்கட்டளையின் சார்பில் 2014, 2015 ஆண்டுகளில், புகைப்படக் கலைஞர் பலர் கூடி, 365 நாளும் இவ்வூரின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் பெரும்பணி நடந்தது. தீபத் திருநாளுக்கு மட்டும் வந்து மலையுச்சிச் சுடரைப் படம் பிடித்துப் போவோரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். சித்திரை வெயிலிலும், விழா ஏதுமற்ற ஒரு செவ்வாய்க்கிழமையிலும் இவ்வூரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தது பெரிது. ஒரு நாள் விட்டால் கை மறந்துவிடும் என்று அஞ்சிய அந்த எழுத்தாசான் இதை மெச்சியிருப்பார்.

ஆண்டு முழுதும் பார்ப்பதாலேயே பார்வை ஆழமாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. நாள் கணக்கு ஒரு கட்டாயமாகிவிட்டால் சலிப்பும் சேரும். எண்ணிக்கைக்காக எடுத்த படமும் சேரும். அத்தகைய நாள்களில் என்ன செய்தார்கள், எதை ஒதுக்கினார்கள் என்பதைத்தான் இப்பணியில் ஈடுபட்டோர் நமக்குச் சொல்ல வேண்டும். மலையின் மௌனத்தைப் பற்றிக் கேட்க நமக்கு விருப்பமில்லை. பூக்கட்டும் அம்மையாரிடம் முதல்முறை எவ்வாறு பேச்சுக் கொடுத்தார்கள். படமெடுக்க வேண்டாம் என்று கையசைத்தவர் எத்தனை பேர். அந்தக் கையசைப்புக்கு மதிப்பளித்துக் கேமராவைத் தாழ்த்தினார்களா. எடுக்கப்பட்டவரிடம் அவர் படத்தின் ஒரு பிரதியேனும் போய்ச் சேர்ந்ததா? தேரடித் தெரு ஸ்டுடியோக்காரர் காசு வாங்கிக்கொண்டுதான் எடுக்கிறார். ஆனாலும் தலையைச் சற்று உயர்த்தச் சொல்லி, தொப்பியைச் சரிசெய்யச் சொல்லி, எடுத்தபின் படத்தை உறையில் இட்டு நம் கையிலேயே கொடுத்தனுப்புகிறார்.